நாளைக்கென்று எடுத்து வைத்தல்: ஐஸ்கிறீமும் வீட்டுக் குளிரும்

எம்மவர் வீடுகளில் பிறீசரைத் திறந்தால் ஐஸ்கிறீம் பெட்டிகள் நிறைய இருக்கும். ஐஸ்கிறீம் இருக்காது. ஒன்றில் திருவிய தேங்காய்ப்பூ, இன்னொன்றில் ஊரிலிருந்து வந்த ஒடியல் மா, மற்றதில் போன கிழமை வைத்த ஆட்டிறைச்சிக் கறி. இதைப் பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பெட்டி முதலில் எதற்காக வீட்டுக்கு வந்ததோ அந்தக் காரியம் சாதாரணமானதல்ல. ஐஸ்கிறீமை வாங்கி வந்து, பாதியைச் சாப்பிட்டு, மிச்சத்தை நாளைக்கென்று எடுத்து வைப்பது மனிதருக்கு மிகப் பிந்திக் கிடைத்த வசதி. ஐஸ்கிறீமைச் செய்யத் தெரிந்து முந்நூறு வருடங்களுக்கு மேலாகிறது. அதை வீட்டில் வைத்திருக்கும் வல்லமை சாதாரண சனங்களுக்குக் கிடைத்து இரண்டு தலைமுறைதான் இருக்கும். அந்த இடைவெளியில் என்ன நடந்தது, யாருக்கு அது முதலில் கிடைத்தது, யாருக்குக் கடைசியில் கிடைத்தது என்பதே இங்கு நான் பார்க்க விரும்புவது.

நான் லண்டனில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்பவன். கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது இனிப்புப் பகுதிக்கும் குளிரறைக்கும் வந்து சேர்ந்திருக்கிறேன். யாழ் பல்கலைக்கழகத்தில் படித்த இரசாயனவியல் 2008இல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. அங்கே கரும்பலகையில் பார்த்த உறைநிலை இறக்கம் என்ற பாடம், இங்கே பிறீசர் கதவில் ஓர் இலக்கமாக ஒவ்வொரு நாளும் என் எதிரே நிற்கிறது.

இங்கிலாந்தில் ஐஸ்கிறீம் பற்றிய ஆரம்பப் பதிவுகளில் ஒன்று 1671ஆம் ஆண்டுக்குரியது. வின்சர் மாளிகையில் இரண்டாம் சாள்ஸ் மன்னன் கொடுத்த விருந்தில் ஐஸ்கிறீம் பரிமாறப்பட்டது, மன்னனுடைய மேசைக்கு மட்டும். அருகில் இருந்த பிரபுக்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். 1718இல் மேரி ஈல்ஸ் என்ற பெண்மணியின் இனிப்புச் செய்முறை நூல் லண்டனில் வெளிவந்தது. அதில் ஐஸ்கிறீமுக்கான செய்முறையும் இருக்கிறது. தகரக் குவளைகளில் பாலாடையை நிரப்பி, வாளிக்குள் ஐஸும் உப்பும் இட்டு அவற்றைப் புதைத்து, வெயிலோ வெளிச்சமோ படாத நிலவறையில் நான்கு மணித்தியாலம் வைக்கச் சொல்கிறார். அதற்கு மேலும் வைத்திருக்கலாம், பரிமாறும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள் என்பது அவருடைய அறிவுரை. வீட்டில் ஐஸ்கிறீமை வைத்திருப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் அச்சான மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் நிலவறையும், கோடையில் ஐஸும் யாரிடம் இருந்தன? குளிர்காலத்தில் குளத்து ஐஸை வெட்டி எடுத்து, நிலத்துக்குள் கட்டிய ஐஸ் கிடங்கில் வைக்கோல் போட்டு மூடி வைக்கக்கூடிய பெரிய மாளிகைக்காரரிடம்தான்.

உப்பு ஏன் என்று கேட்கலாம். ஐஸில் உப்பைப் போட்டால் ஐஸ் உருகத் தொடங்கும். உருகுவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது சுற்றியிருப்பவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் கலவை ஐஸைவிடக் குளிராகும். சரியான அளவில் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 21 பாகை செல்சியஸ் வரை போகும். உருகுகிற ஐஸ்தான் ஐஸ்கிறீமை உறைய வைக்கிறது. 1724இல் பரனைற் தன் வெப்பமானி அளவீட்டை வெளியிட்டபோது, ஐஸும் நீரும் நவச்சார உப்பும் சேர்ந்த இப்படியான ஒரு கலவையின் குளிரைத்தான் தன் பூச்சியமாக எடுத்துக்கொண்டார். பரனைற்றின் அந்தப் பூச்சியம் செல்சியஸில் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 18 பாகை. இன்று எங்கள் பிறீசர் கதவில் நிற்கிற 18 அதுதான். அமெரிக்காவில் உறைந்த உணவுக்கு வைத்த பூச்சியம் பரனைற் என்ற அளவு செல்சியஸுக்கு மாறி, எங்கள் குசினிக்கு வந்திருக்கிறது.

செய்வதற்கும் வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பணமாகக் கொடுத்துப் படித்தவர் பிரெடெரிக் ரியூடர் என்ற பொஸ்ரன் வியாபாரி. 1806இல் அவர் மசச்சூசெற்ஸ் குளத்து ஐஸைக் கப்பலில் ஏற்றிக் கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். ஊரே சிரித்தது. ஐஸ் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த ஒரு பூங்கா உணவுச்சாலையில் ஐஸ்கிறீம் செய்து காட்டினார், அது நன்றாக விற்றது. கட்டி ஐஸை வீட்டுக்கு வாங்கிப் போனவர்களிடம்தான் பிரச்சினை. ஒருவர் உச்சி வெயிலில் தெருவால் தூக்கிக்கொண்டு போய் வாசலில் தட்டில் வைத்துவிட்டு, உருகுகிறதே என்று குறை சொன்னார். ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். இன்னொருவர், இறைச்சியைப் போலக் கெடாமல் இருக்குமென்று நினைத்தோ என்னவோ, உப்புக்குள் போட்டார். எப்படி வைப்பதென்று துண்டுப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்தும் இதுதான் நடந்தது. ரியூடர் அந்தப் பயணத்தில் நட்டப்பட்டார். குளிரை விற்றால் போதாது, அதை வைக்கிற இடத்தையும் கட்ட வேண்டும் என்பதை அதன் பிறகு அவருடைய வியாபாரம் முழுவதும் காட்டியது. போன துறைமுகங்களிலெல்லாம் ஐஸ் கிடங்கு கட்டினார். ஐஸைச் சுற்றி மரத்தூளை அடைந்தார்.

அந்த மரத்தூள் எங்கள் பக்கமும் வந்தது. 1833இல் அவருடைய கூட்டில் அனுப்பப்பட்ட ரஸ்கனி என்ற கப்பல் ஏறத்தாழ 180 தொன் ஐஸோடு பொஸ்ரனிலிருந்து புறப்பட்டு, நான்கு மாதம் கடலில் கிடந்து, இரண்டு முறை பூமத்திய ரேகையைக் கடந்து கல்கத்தாவுக்கு வந்தது. ஏறத்தாழ 100 தொன் மிஞ்சியிருந்தது. பிறகு சென்னையில் கடற்கரையோரம் 1842இல் ஓர் ஐஸ் கிடங்கு கட்டினார்கள். அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இப்போது அது விவேகானந்தர் இல்லம். சுற்றியுள்ள பகுதியை மட்டும் சனங்கள் இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். தமிழ் நிலத்தில் கோடை முழுவதும் குளிரைச் சேர்த்து வைத்த அந்தக் கட்டிடத்தின் வாடிக்கையாளர் வெள்ளைக்காரரும் வசதியுள்ளவர்களும். இயந்திரத்தால் ஐஸ் செய்யும் ஆலைகள் வந்ததும் அந்த வியாபாரம் செத்துப்போனது. பெயர் மிஞ்சியது.

லண்டனில் இந்தக் கதை குடியேறிகளின் கதையாக மாறுகிறது. 1847இல் சுவிற்சர்லாந்தின் இத்தாலி மொழி பேசும் ரிச்சினோ மாநிலத்திலிருந்து ஒருவர் இங்கே வந்தார். பெயர் கார்லோ கட்டி. தமிழில் எழுதினால் ஓர் ஐஸ் வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படாது. தெருவில் கோப்பியும் பலகாரமும் விற்றுத் தொடங்கியவர், இப்போது சாறிங் குறொஸ் ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் அன்றிருந்த ஹங்கபோர்ட் சந்தையில் கடை போட்டார். சாதாரண சனங்களுக்கு ஐஸ்கிறீமைக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். அதற்கு ஐஸ் வேண்டும். முதலில் றீஜன்ற் கால்வாயில் உறைந்த ஐஸை வெட்டி எடுத்தார். பிறகு நோர்வேயிலிருந்து இறக்கினார். கிங்ஸ் குறொஸ் பக்கத்தில் கால்வாய்க் கரையில் 1850களின் இறுதியிலும் 1860களின் ஆரம்பத்திலும் அவருக்காக வெட்டப்பட்ட இரண்டு ஐஸ் கிணறுகள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மீற்றர் அகலம், 12 மீற்றருக்கு மேல் ஆழம். இப்போது அந்தக் கட்டிடம் லண்டன் கால்வாய் அருங்காட்சியகம். வேலை முடிந்து கிங்ஸ் குறொஸில் பஸ் எடுக்கிற எம்மவர் பலர் அந்தக் கிணறுகளுக்குக் கிட்டத்தால்தான் போய் வருகிறார்கள்.

அந்தக் காலத்தில் லண்டனில் ஐஸ்கிறீம் சாப்பிட இரண்டு வழி இருந்தது. ஒன்று தெரு. கிளாக்கின்வெல் பகுதியில் ஒரே அறையில் பலராக ஒடுங்கி வாழ்ந்த இத்தாலியர்கள் விடியப்புறம் எழும்பிச் செய்து, தள்ளுவண்டியில் கொண்டுவந்து விற்றார்கள். தடித்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றின் மேல் சிறு குழியில் ஒரு பென்னிக்கு ஐஸ்கிறீம். வாங்கியவர் நின்ற இடத்திலேயே நக்கிவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பார். வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. அடுத்தவருக்கு அதே கிண்ணம். காசநோய் பரவுகிறதென்ற அச்சத்தில் 1899இல் லண்டனில் அந்தக் கிண்ணத்துக்குத் தடை வந்தது.

மற்றது வீடு. மோட்டிமர் வீதியில் சமையற் பள்ளி நடத்திய அக்னஸ் மார்ஷல் என்ற பெண்மணி 1885இல் ஐஸ்கிறீமுக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஐஸ்கிறீம் செய்யும் கையியந்திரம் ஒன்றுக்கு உரிமமும் பெற்றார். அதோடு ஐஸ் குகை என்ற பெயரில் ஒரு பெட்டியும் விற்றார். பெட்டிக்குள் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஐஸும் உப்பும். உள்ளே செய்து முடித்த ஐஸ்கிறீம், விருந்து நேரம் வரும்வரை. என்னைப் பொறுத்தவரை எங்கள் வீட்டுப் பிறீசரின் நேரடி மூதாதை இந்தக் குகைதான். ஆனால் அதற்குக் கறண்ட் கிடையாது. அதன் கறண்ட் ஒரு வேலைக்காரி. உருகிய உப்புநீரை வடித்துவிட்டுப் புதிதாக ஐஸும் உப்பும் இட அவள் வேண்டும். மார்ஷலின் பெட்டியில் ஐஸ்கிறீம் உருகாமல் இருந்ததென்றால் யாரோ ஒருத்தியின் கை உப்பில் வெடித்திருந்தது என்று அர்த்தம். வீட்டில் குளிர் உள்ளவர் உட்கார்ந்து சாப்பிட்டார், இல்லாதவர் தெருவில் நின்று சாப்பிட்டார். அந்தப் பிரிவு இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் தொடர்ந்தது.

1922இல் வோல்ஸ் என்ற கொம்பனி, கோடையில் இறைச்சி வியாபாரம் படுப்பதை ஈடுசெய்ய ஐஸ்கிறீமில் இறங்கியது. முச்சக்கரச் சைக்கிளில் பெட்டி கட்டி வீதி வீதியாக அனுப்பியது. ஐஸ்கிறீம் வாசல்வரை வந்தது, வாசலைத் தாண்டவில்லை. 1950களின் நடுப்பகுதியில்கூடப் பிரித்தானியாவின் பெரும்பாலான வீடுகளில் பிறிட்ஜ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்ச் செங்கல் வடிவ ஐஸ்கிறீமை வாங்கி, புதினப் பேப்பரில் இறுகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவார்கள். கத்தியால் துண்டு போட்டு எல்லோரும் அப்போதே தின்று முடிக்க வேண்டும். பிறகு பிறிட்ஜ் வந்தது, அதன் மேல்மூலையில் சிறு ஐஸ் அறை. கதவில் நட்சத்திரம் போட்டார்கள். ஒரு நட்சத்திரம் பூச்சியத்துக்குக் கீழே 6 பாகை, இரண்டென்றால் 12, மூன்றென்றால் 18. ஒரு நட்சத்திர அறையில் ஐஸ்கிறீம் கூழாகவே கிடக்கும். மூன்று நட்சத்திரம் சாதாரண வீட்டுக்கு வந்தபோதுதான் மிச்சம் வைத்துத் தின்பது என்ற பழக்கமும் வந்தது.

இதற்கிடையில் அந்த ஐஸ்கிறீமைச் செய்தவர்களுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். 1940 யூன் 10 முசோலினி பிரித்தானியா மீது போர் அறிவித்தார். அன்றிரவே பல நகரங்களில் இத்தாலியரின் ஐஸ்கிறீம் கடைகளும் கோப்பிக் கடைகளும் உடைக்கப்பட்டன. நேற்றுவரை பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லித் தெரிந்த மனிதர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். ஆண்களைப் பிடித்து அடைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்ரார் என்ற கப்பல் 1940 யூலை 2 அயர்லாந்துக்கு அப்பால் ஜேர்மன் நீர்மூழ்கியால் தகர்க்கப்பட்டது. இறந்தவர்கள் 800க்கும் அதிகம். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் இத்தாலியர். ஐஸ்கிறீம் விற்றவர்களும் கோப்பிக்கடை வைத்திருந்தவர்களும் சமையற்காரரும் கோப்பை கழுவியவர்களும் அதில் இருந்தார்கள். கிளாக்கின்வெல்லில் உள்ள இத்தாலியத் தேவாலயத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அந்நிய நாட்டில் குசினியில் நிற்கிற ஒருவனுக்கு இது வெறும் பழைய சரித்திரமாகத் தெரியாது. ஐஸ்கிறீமைக் கெடாமல் வைத்திருக்கத் தெரிந்த அவர்களால் அந்தத் தெருவில் தங்கள் வீட்டை வைத்திருக்க முடியவில்லை.

சரி, இன்று எல்லோர் வீட்டிலும் பிறீசர் இருக்கிறது. ஆனாலும் திறந்து இரண்டு கிழமையில் ஐஸ்கிறீம் ஏன் மணல் மணலாகிறது? ஐஸ்கிறீம் என்பது மிகச் சிறிய ஐஸ் பளிங்குகள், கொழுப்பு, சீனிப்பாகு, காற்று. அளவில் பாதிவரை காற்றாக இருக்கலாம். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையிலும் அது முழுக்க உறைவதில்லை. சீனி கரைந்த ஒரு பகுதி நீராகவே நிற்கும். பெட்டியை வெளியே எடுத்து மேசையில் வைக்கும்போது முதலில் கரைவது மிகச் சிறிய பளிங்குகள். திரும்ப உள்ளே வைத்ததும் அந்த நீர் புதிய சிறு பளிங்காகாது, இருக்கிற பெரிய பளிங்குகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பெரியது பெருக்கும், சிறியது காணாமற் போகும். நாக்கில் படுகிற மணல் அதுதான். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பசையை ஐஸ்கிறீமில் சேர்ப்பது இந்த வளர்ச்சியைத் தாமதப்படுத்தத்தான். தாமதப்படுத்தும், தடுக்காது.

ஆகவே ஐஸ்கிறீமைக் கெடுப்பது சூட்டைவிடத் தளம்பல். எங்கள் குளிரறையில் அதை 25 பாகைக்குக் கீழே அசையாமல் வைப்போம். பரிமாறுகிற பெட்டிக்கு மாற்றினால் அங்கிருந்து திரும்ப உள்ளே போகாது. வீட்டுக்கும் இதே நியாயந்தான். கடையில் கடைசியாக எடுங்கள், தடித்த பையில் கொண்டுவாருங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் பிறீசரின் பின்பக்கத்தில், அடியில் வையுங்கள். கதவுப் பக்கம் ஒவ்வொரு திறப்புக்கும் சூடாகும். வேண்டியதை எடுத்துவிட்டு உடனே உள்ளே வையுங்கள். மிச்சத்தின் மேற்பரப்பை மட்டப்படுத்தி, அதோடு ஒட்டும்படி ஒரு மெழுகுக் கடதாசியை அழுத்திவிட்டு மூடியை இறுக்குங்கள். காற்றுப் பட்டால் மேலே பனி பூக்கும். கொழுப்பு மணத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் மீன் பொதிக்குப் பக்கத்தில் வேண்டாம். முழுக்க உருகியதைத் திரும்ப உறைய வைக்கவே வேண்டாம். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, நிறுத்தி மட்டும் வைக்கும். 1946இல் வேல்ஸின் அபரிஸ்ற்வித் நகரில் ஐஸ்கிறீமால் நெருப்புக்காய்ச்சல் பரவியது. அடுத்த ஆண்டே ஐஸ்கிறீம் கலவையைச் சூடாக்கியே ஆகவேண்டும் என்று பிரித்தானியாவில் சட்டம் வந்தது.

தளம்பல் என்று எழுதும்போது ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கறண்ட் நின்றது. எனக்கு அப்போது மூன்று வயது. எங்கள் வீட்டுப் பிறிட்ஜை நான் அறிந்தது அலுமாரியாகத்தான். அதற்குள் அரிசியும் சீனியும் அம்மாவின் காணி உறுதியும் இருந்தன. எலி போகாது, ஈரம் பிடிக்காது. அது குளிர வேண்டிய பொருளென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அதை விட்டுவிட்டு நடந்தோம். 1996இல் திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது, கதவு இல்லை. பிறகு கறண்ட் பகுதி பகுதியாக வந்தது, வந்து வந்து போனது. அதனால் எங்களுக்கு ஐஸ்கிறீம் என்றால் வீட்டுக்கு வாங்குகிற சாமானல்ல. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் கடையில் குந்தியிருந்து தின்று முடித்துவிட்டு எழும்புகிற ஒன்று. றெஜிபோம் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மணியடித்து வருகிற ஐஸ்பழக்காரரிடம் வாங்கினால் ஒழுக ஒழுக அந்த இடத்திலேயே முடிக்க வேண்டும். மிச்சம் என்ற சொல்லே அதோடு சேராது.

லண்டனுக்கு வந்தும் உடனே அது மாறவில்லை. முதலில் இருந்த வீட்டில் நாங்கள் ஏழு பேர், ஒரு பிறீசர். ஒவ்வொருவருக்கும் ஒரு பை, பையில் பெயர். யாரும் ஐஸ்கிறீம் பெட்டி வாங்கவில்லை. அதற்கு இடமில்லை, வேலை நேரங்கள் வேறு வேறாக இருந்ததால் கதவு இரவு பகலாகத் திறந்து மூடும். கோடையில் ஐஸ்கிறீம் வான் தெருவுக்கு வந்தால் இறங்கிப் போய் வாங்கி நின்று சாப்பிட்டோம். அப்போது பென்னிக் கிண்ணத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. பின்னர் படித்தபோது அந்த வரிசையில் நிற்கிறவர்களை அடையாளம் கண்டுகொள்ளச் சிரமம் இருக்கவில்லை. வீட்டில் தளம்பாத குளிர் இல்லாதவர்கள் எந்த நூற்றாண்டிலும் தெருவில்தான் நிற்கிறார்கள். முகாம்களிலும் பகிர்ந்த அறைகளிலும் இன்று இருப்பவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் அந்த வரிசையில் எங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள்.

இப்போது எங்களில் பலருக்குத் தனி வீடு, தனிப் பிறீசர். இரவில் பிள்ளை அதைத் திறந்து ஒரு கரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தை மூடி வைக்கும். ஒரேயடியாகத் தின்று முடிக்காமல் எதற்கு இந்தப் பழக்கம் என்று வீட்டில் பெரியவர்கள் புறுபுறுப்பார்கள். நாளைக்கும் கறண்ட் இருக்கும், நாளைக்கும் இதே வீட்டில் இருப்போம், மிச்சமும் இருக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அந்த வயதில் அது தெரியாது. புறுபுறுக்காமல் விடுங்கள். மூடியை மட்டும் இறுக்கி மூடச் சொல்லுங்கள்.